மாதா பீடத்து நீலச் சுவர்

இதை எழுதப் பத்து வருடத்துக்கு மேல் யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து வராது என்பது வெறும் சாட்டு. உண்மையான காரணம் என் மனைவி. அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பாரிசில், லா சப்பலில் இருந்து ஸ்டாலின்கிராட் போகிற வழியில் ஒரு சிறிய கோயில். சனிக்கிழமை பின்னேரம் அங்கே எங்களுக்குத் தமிழ்ப் பூசை. இடப்பக்கம் மாதா பீடம். அதன் பின்சுவர் முழுக்க நீலம், நீலத்தில் பொன் நட்சத்திரங்கள், ஓரங்களில் கொடியும் இலையும். மேலே வரிசையாகச் சிறகு விரித்த சம்மனசுகள். ஒவ்வொன்றின் கையிலும் மாதா பிரார்த்தனையின் ஒரு வரி எழுதிய நாடா.

கோயில் பூட்டின் திறப்பு ஒரு போலந்து மூதாட்டியிடம் இருந்தது. நாங்கள் அவரை மதாம் என்போம். சுவரில் வரைந்தவர் அவருடைய தகப்பன். அரசர்களையும் போர்களையும் பென்னாம்பெரிய படங்களாக வரைந்த போலந்து ஓவியர் ஒருவர், கடைசி வருடங்களில் தன் நாட்டில் ஒரு பெரிய கோயிலின் உட்சுவர் முழுவதற்கும் இப்படி அலங்காரம் வகுத்துக் கொடுத்தாராம். அதைப் பார்த்து வளர்ந்த தகப்பன், பாரிசுக்கு வந்து கட்டட வேலை செய்து, வேலை முடிந்த நேரங்களில் ஞாபகத்தில் இருந்ததை இந்தச் சுவரில் வரைந்திருக்கிறார்.

"அத்தனை சண்டைகளை வரைந்த மனுசன் களைத்துப்போய்த்தான் இலை வரைந்திருப்பார்" என்று மதாம் ஒருமுறை சொன்னார்.

2009 சித்திரை முடிவில், மே என்கிற மாதா வணக்க மாதம் தொடங்க இருந்தது. திருநாளுக்கு முன் கோயிலைக் கழுவுவது ஊரில் எங்கள் வழக்கம். நானோ உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். கூட்டப்போகிறேன் என்று சொல்லி மதாமிடம் திறப்பை வாங்கினேன். வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, மெழுகுதிரிக் கரி பிடித்த சுவரைக் கை எட்டிய உயரத்துக்குத் தேய்த்தேன். முதலில் கறுப்பு வந்தது. பிறகு நீலம் வந்தது. அது தண்ணீரில் கரைகிற வர்ணம் என்று எனக்குத் தெரியாது. நிறுத்துவதற்குள் தண்ணீர் கோடு கோடாக இறங்கிவிட்டது.

வாளியை ஊற்றிவிட்டுத் திறப்பைக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மனைவி என் கையைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ, அங்கை பாருங்கோ. மாதா அழுறா."

அவளுடைய தம்பி ஊரில், சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில். மூன்று கிழமையாகத் தொலைபேசி இல்லை. நானும் அவளோடு முழந்தாளிட்டேன்.

பிறகு சனம் கூடியது. புறநகரான கார்ஜில் இருந்தெல்லாம் ரயில் ஏறி வந்து அந்தக் கோடுகளுக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். சுவரில் ஈரம் ஏறியதாக மதாம் நினைத்தார். தகப்பனின் வர்ணப் பொடிகளைக் கொண்டுவந்து திருத்தப் போனார். பெண்கள் மறித்தார்கள்.

"மாதாவின்ரை கண்ணீரைத் துடைக்க இவ ஆர்?"

மதாம் என்னைப் பார்த்தார். நான்தான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். "பிறகு பார்ப்போம் என்கிறார்கள், மதாம்" என்றேன். வருடக்கணக்காக அதையே சொன்னேன். எங்கள் ஆள் ஒருவன் பகிடி விட்டான்: "லா சப்பலிலை அண்ணை கழுவாதது இந்தச் சுவர் ஒண்டுதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு மாரிக் குளிரில் மதாம் தன் கையை என் முன்னால் நீட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு வருடம் போனால் இந்தக் கை தூரிகை பிடிக்காது" என்றார்.

அன்று பின்னேரமே மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் உங்கடை சவர்க்காரத் தண்ணியையே கும்பிட்டனான்?"

"மாதாவைத்தான் கும்பிட்டனீ."

"கதைக்காதேங்கோ" என்றாள்.

சனிக்கிழமை பூசை முடிய அவளே எழுந்து பெண்களுக்கு முன்னால் நின்றாள். "கழுவினது இவர். அந்த மனுசியை விடுங்கோ, செய்யட்டும்." சிலர் அழுதார்கள். சிலர் பிறகு அந்தக் கோயிலுக்கு வரவேயில்லை.

நான் மதாமிடம் போய்ச் சொன்னேன். "எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டார். கையைத் தூக்கிக் காட்டினேன். கோடுகள் தொடங்கிய இடத்தில் சரியாக நின்றது.

"அப்பா சம்மனசுகளை மேலே வைத்தது நல்லதாய்ப் போயிற்று" என்றார்.

கோடை முழுக்க அவர் இளைப்பாறி இளைப்பாறி வரைந்தார். மனைவி தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கீழ்வரிசை நட்சத்திரங்கள் கொஞ்சம் கோணல்தான். மனைவி இப்போதும் அதே இடத்தில் முழந்தாளிடுகிறாள்.

மாதா அழுததாகக் கார்ஜில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். சுவரில் ஈரம் என்றும் சிலர் சொல்கிறார்கள். வாசிக்கிற நீங்கள் இதை மற்றவர்களுக்குச் சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். சுவர் காய்ந்த சுவர். சவர்க்காரம் என்னுடையது. வன்னியில் இருந்த மச்சானைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அதையும் மாற்ற வேண்டாம்.