றெஜியிடம் கொடுத்த போர்க்லிப்ட்

போன கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றபோது, வீதி வேலைக்கு வந்த மண் அள்ளும் இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டது. சூடான ஹைட்ரோலிக் எண்ணெயின் மணத்துக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ பழைய பொறாமை ஒன்று எழும்பியது. பொறாமைக்கு மணம் உண்டா என்று கேட்பீர்கள். என்னுடையதற்கு உண்டு.

சண்டை முடிந்து தீவுப்பக்கம் தொழில்கள் திரும்பத் தொடங்கிய நாட்களில், ஊர்காவற்துறையில் ஒரு மீன் குளிரறையில் மெக்கானிக்காக இருந்தேன். என்னோடு இன்னொரு மெக்கானிக், கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை, றெஜி. அங்கே மீன் பெட்டிகளைத் தூக்கி அடுக்க இருந்தது ஒரேயொரு போர்க்லிப்ட் வண்டி. மனேஜர் அதை றெஜியிடம் கொடுத்தார். எனக்குத் தண்ணீர்ப் பம்பும் ஜெனரேற்றரும். றெஜி காலையில் எண்ணெய் மட்டம் பார்ப்பான், சங்கிலிக்குக் கிறீஸ் பூசுவான், மானிகளின் கண்ணாடியைத் தன் லேஞ்சித் துணியால் துடைப்பான். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து அவன் தலையாட்டினால் பரியாரியார் நாடி பிடிக்கிற மாதிரி இருக்கும். கணக்கு எழுதும் மலர் அதை யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஜெனரேற்றருக்குள் தலையை விட்டபடி, அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள், தூக்கிய பாரம் நிற்கவில்லை. லீவரைத் தொடாமலே இரும்புக் கரங்கள் மெல்ல மெல்லக் கீழே வந்தன.

"வால்வுதான் பிழை," என்றேன்.

"இல்லை, சிலிண்டருக்குள்ள றப்பர் சீல் போயிட்டுது," என்றான் றெஜி. சிலிண்டரின் மேல் குழாயைக் கழற்றினான். வரக்கூடாத அந்த இடத்தால் எண்ணெய் வழிந்தது. அவன் சொன்னதுதான் சரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

கரங்களை உயர்த்திச் சங்கிலிக் கொக்கியில் தொங்கவிட்டு, அவன் கீழே கையை நுழைத்தான்.

"கட்டை ஒண்டு வையும்," என்றேன்.

"நேரமில்லை. அனலைதீவு மீன் இப்ப வந்திடும்."

இவனுக்கு எல்லாம் தெரியும் என்று புறுபுறுத்தபடி நானே ஒரு பனங்குற்றியை உருட்டிவந்து நிமிர்த்தினேன். நான் குற்றியில் இருந்து கை எடுக்கவில்லை, அதற்குள் கொக்கி நழுவியது. இரும்பு முழுக்க அந்தக் குற்றியில் விழுந்து நின்றது. றெஜி கையை வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

மலர் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு ஓடிவந்தாள். "றெஜி அண்ணை, குடியுங்கோ. நல்லாப் பயந்திட்டியள்."

குற்றியை உருட்டிவந்தது நான். எனக்கு ஒருவரும் தேத்தண்ணி கொண்டுவரவில்லை. அண்ணை என்றுதானே சொன்னாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

றெஜி பாதி குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினான். "இந்தாரும். நீர் இல்லையெண்டா நான் இண்டைக்கு ஒற்றைக் கைக்காரன்."

"வேண்டாம், சீனி கூடிப்போச்சு," என்றேன், குடித்துப் பார்க்காமலே.

அதே கையால், மீன் படகு வர முன்னமே அவன் சீலை மாற்றி முடித்தான். என்னால் அது ஏலாது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகு மலரை நான்தான் கட்டினேன். ஆனாலும் வீட்டுப் பம்ப் பழுதானால், "றெஜி அண்ணை எண்டா இந்நேரம் திருத்தியிருப்பார்" என்பாள். றெஜி கனடாவுக்குப் போனான். குளிரறை மூடப்பட்டது, போர்க்லிப்ட் பழைய இரும்புக்குப் போனது. அந்த இடத்தில் இப்போது உடைந்த மதிலும் எருக்கலைச் செடிகளும்தான்.

போன மாரியில், றெஜி கனடாவில் மாரடைப்பில் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. மலர் குசினி அடுப்படியில் இருந்து அழுதாள். நான் கிணற்றடிக்குப் போனேன், வெகுநேரம் முகம் கழுவினேன்.

இப்போது தீவுப்பக்கத்தில் திறமான மெக்கானிக் நான்தான் என்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் சொல்கிறார்கள்.