குழந்தைக்கு நாடி எங்கே என்று சொல்லும் புத்தகம்

நர்சிங் படிக்கும் என் நாத்தனார் அனாடமி-பிசியாலஜி தாளில் தோற்றுப்போன செய்தி வந்த அன்று மாலையே, அடுத்த தடவை அவள் எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வீட்டில் ஆகிவிட்டது. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. மாமனார் சாமந்திப் பூவை மூட்டையாகக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"நம்ம வூட்டுல டிகிரி முடிச்சது நீ ஒருத்திதான். அதுவும் இந்த உடம்பு சமாச்சாரம்தானே படிச்ச? நீயே கடைக்குப் போயி பாத்து வாங்கிக் குடுத்துரும்மா."

நான் படித்தது விலங்கியல். தவளையின் இதயத்தைப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். மனித உடல் எங்களுக்கு ஒரே ஒரு தாள். அதையும் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிட்டேன். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மூட்டையின் வாயை இறுக்கி முடிந்துவிட்டு, மகளைப் பார்க்காமலே அடுத்ததைச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி எழுதட்டும். அதுலயும் ஊத்திக்கிச்சின்னா, பென்னாகரத்துல பொண்ணு கேட்டுட்டே இருக்காங்க இல்ல, அவங்களுக்கு சரின்னு சொல்லிர்றேன். பையன் நல்ல பையன்தான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கோபத்தில் சொன்னதையெல்லாம் மறுநாள் மறந்துவிடுவார். நிதானமாகச் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. நாத்தனார் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை யூனிபார்மை எடுத்து மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "நீ எது வாங்கினாலும் சரியாத்தான் இருக்கும்" என்றார். அது எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. தப்பாக வாங்கினால் அது முழுக்க என்னுடைய தப்பாகிவிடும் என்பதுதான் புரிந்தது.

கைக்குழந்தையான என் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அதியமான்கோட்டையில் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாடப் புத்தகம் விற்கும் கடை. என்ன புத்தகம் வேண்டும் என்று சொன்னவுடன் கடைக்காரர் கேட்டார்:

"படிக்கறதுக்குங்களா, பாஸ் பண்றதுக்குங்களா?"

"ரெண்டும் ஒன்னு இல்லீங்களா?"

"நீங்க காலேஜ் முடிச்சு ரொம்ப நாளாவுதுன்னு நினைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது. தலையணை கனம், பக்கமெல்லாம் வண்ணப் படம். இரண்டாவது நர்சிங் பிள்ளைகளுக்கென்றே நம் நாட்டு ஆசிரியர் எழுதியது. கறுப்பு வெள்ளைப் படம், நடுத்தரக் கனம். மூன்றாவது கைடு. பழைய கேள்வித்தாள்களைப் பிரித்து, கேள்வியும் பதிலுமாகப் போட்டு, அடிக்கடி வரும் கேள்விக்குப் பக்கத்தில் நட்சத்திரம் குத்தியிருந்தார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இதயம் ஒன்றுதான். மூன்றிலும் இதயப் பாடத்தைத் திறந்தேன். வலது அறை என்று எழுதிய இடம் படத்தில் இடப்பக்கம் இருந்தது. ஒரு கணம் புத்தகமே தப்போ என்று திக்கென்றது. எதிரில் நிற்பவரின் உடம்பைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்று பிறகுதான் நினைவு வந்தது. மூன்றும் சரியாகவே இருந்தன. எல்லாம் சரி என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? தலையணைப் புத்தகத்தில் ஒரு பத்தியை நானே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. அவள் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். பென்னாகரம் நினைவுக்கு வந்தது. கைடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அய்யோ அண்ணி, எங்க கிளாஸ்ல எல்லாரும் இதத்தான் வெச்சிருக்காங்க!"

அதன் பிறகு வீட்டில் எந்நேரமும் அவள் குரல்தான். துணி துவைக்கும்போது எலும்புகளின் பெயர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ரத்தக் குழாய்களின் பெயர். "இவ ஜெபமாலை சொன்னாக்கூட இவ்ளோ பக்தி இருக்காது" என்று மாமியார் சொல்வார். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, ஓசூரிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் வீட்டில் இருந்தோம். வார்டில் நாடி பார்க்கச் சொல்வார்கள், பழகிக்கொள்ள வேண்டும் என்று அவள் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கைடில் போட்டிருந்தபடி, மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல்.

"எனக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்குதுன்னு பாத்து சொல்லு" என்று கையை நீட்டினார் மாமனார்.

"உங்களுக்கு என்னாங்கப்பா, எங்களையெல்லாம் அனுப்பிட்டுத்தான் போவீங்க."

"கழுதைக்கு வாயப் பாரு."

அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். மகள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. அவள் குரல்தான் கேட்டது. மெலிந்துபோன, வேறு யாருடையதோ போன்ற குரல்.

"அண்ணி... பாப்பாக்கு நாடியே இல்லீங்க."

கையில் களிக்கட்டையோடு ஓடினேன். சற்று முன்புதான் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள், தூக்கத்திலும் உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள், நானே பார்த்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மகளின் நெஞ்சில் காதை வைத்தேன். என் காதுக்குள்ளேயே ரத்தம் இரைந்துகொண்டிருந்ததால் அவளுடைய இதயம் கேட்கவில்லை. "மாதாவே, மாதாவே" என்று பின்னாலிருந்து மாமியார் கத்தினார். சூடான களி ஒரு துளி சட்டை மேல் விழ, மகள் வீறிட்டு அழுதாள். அந்த அழுகைக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டேன். களிக்கட்டை எங்கே விழுந்தது என்று பிறகுதான் பார்த்தேன். கைடின் மேல் கிடந்தது.

மாமனார்தான் முதலில் சிரித்தார். "நர்ஸம்மா வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ஒரு கேஸ முடிச்சிப்புட்டா!" என் வீட்டுக்காரரும் சிரித்தார். நாத்தனார் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

நான் போனபோது தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "புக்குல அப்பிடித்தான் அண்ணி போட்டிருக்குது. நான் சரியாத்தான் வெச்சேன்."

சரியாகத்தான் வைத்திருந்தாள். கைக்குழந்தையின் மணிக்கட்டு மடிப்பு மடிப்பாகச் சதைபோட்டிருக்கும், அங்கே நாடி எளிதில் கிடைக்காது என்று கைடில் ஒரு வரிகூட இல்லை. தேர்வில் அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரு ஆஸ்பத்திரி வார்டு கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. அவள் வெள்ளை யூனிபார்மில் நிற்கிறாள். எதிரே யாரோ ஒரு அம்மா, மடியில் குழந்தை. இருக்கும் நாடியை இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று முதலில் பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் பிறகு வந்தது. உண்மையிலேயே நாடி இல்லாத ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, 'அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாப்பாவுக்கும் இப்படித்தான் கிடைக்கவில்லை' என்று அவள் சும்மா இருந்துவிட்டால்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "மார்க்குக்கு எது நல்லதோ அதப் பாரு. மீதியெல்லாம் வேலைக்குப் போனா தானா வந்துரும்" என்றார். தானாக வருவதற்குள் எத்தனை குழந்தைகள் அவள் கைக்கு வரும் என்று கேட்க நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

இந்தத் தடவை அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, புத்தகத்தை மாற்றுவது சரியா என்ற கேள்வி போய், இந்த லாரிகளுக்கு நடுவே குழந்தையை ஏன் தூக்கி வந்தேன் என்ற கேள்வி வந்தது. கடையில் ஏறியதும் முதல் கேள்வி திரும்பி வந்தது.

"கைடு பத்தலீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கைக்குழந்தைக்கு நாடி எங்க பாக்கறதுன்னு எந்த புக்குல இருக்குதுங்க?"

"அப்பிடி யாருமே கேட்டதில்லீங்களே" என்று மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மற்ற இரண்டு புத்தகங்களையும் எடுத்து முன்னால் வைத்தார்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்தது. நீளமான ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தது. நாத்தனார் உதடு அசைய அதைப் படித்து, பாதியில் வழி தெரியாமல் நின்று என்னைப் பார்த்தாள். அடுத்ததில், பெரியவர்களுக்கு ஒரு பக்கமும் குழந்தைகளுக்கு ஒரு பக்கமுமாகச் சின்ன அட்டவணை. கீழே கோட்டுப் படம்: தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையின் உட்பக்கம், இரண்டு விரல்.

அதை ஒரு தடவை படித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு மகளின் கையைப் பிடித்தாள். மகள் கடைக்காரரின் பில் புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைத் தள்ளி வைக்காமல் அப்படியே விட்டுவிட்டு நாத்தனாரின் விரல்களையே பார்த்தார். வெளியே பஸ்களின் ஹாரன். அவள் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள், கொஞ்சம் உள்ளே. இல்லை என்று இன்னொரு தடவை சொல்லிவிடுவாளோ என்றிருந்தது.

"இருக்குதுங்க அண்ணி" என்றாள். "எவ்ளோ வேகமா ஓடுது பாருங்க."

என் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருந்தது. இவ்வளவு வேகம் சரிதானா என்று அடுத்த பயம் வந்தது. புத்தகத்தைத் திறந்து அட்டவணையைப் பார்த்தேன். குழந்தைகளுக்கு வேகமாகத்தான் இருக்கும் என்று போட்டிருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன்.

அந்தப் புத்தகத்தை வாங்கினோம். கைடைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். "களி ஒட்டுன புக்க எவன் வாங்குவான்?" என்று திருப்பித் தள்ளினார். காசை வாங்கும்போது, "எக்ஸாமுக்குள்ள இத முடிக்க முடியாதுங்க. பாஸாவலன்னா எங்கிட்ட வந்து சண்டை போடாதீங்க" என்றும் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தைதான் கூட வந்தது.

அவர் சொன்னதுபோலவே பாடம் நகரவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் படித்து, புரியாத சொல்லைப் போனில் தேடி, தமிழில் சொல்வேன். அவள் தன் உடம்பிலேயே தொட்டுப் பார்த்துக்கொள்வாள். நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரு பாடம் முடிய ஒரு வாரம் ஆனது. பென்னாகரத்துக்காரர்கள் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். அந்த அம்மா என் மகளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தேர்வில் தோற்றால் மறுப்பதற்குச் சொல்ல ஒரு காரணமும் இருக்காது.

இதற்கு நடுவில், ஃப்ரிட்ஜ் மேல் வைத்த கைடு இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஜன்னலில், ஒருநாள் அவளுடைய தலையணைக்கு அடியில். கேட்டால் அவள் அதை விட்டுவிடுவாள். விட்டுத் தோற்றால் என்னால்தான். கேட்காவிட்டால் நான் தேடி வாங்கிய புத்தகத்துக்கு என்ன பொருள்? கேட்கவில்லை. வீடு கூட்டும்போது கைடைப் பார்த்தால், பார்க்காததுபோல் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவேன்.

தேர்வு எழுதிவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "கிட்னி வந்திருச்சுங்க அண்ணி. பெரிய கேள்வியா."

எங்கள் புத்தகத்தில் நாங்கள் திறக்காமலே விட்ட பாடம் அது.

"எழுதிட்டேன்" என்றாள், ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டே.

முடிவு வந்த அன்று போனில் ரிசல்ட் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமனார் தோட்டத்திலிருந்து வந்து, கைகால்கூடக் கழுவாமல் வாசற்படியில் நின்றார். பாஸ். விளிம்பில் பாஸ். "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். மாலையில் பென்னாகரத்துக்குப் போன் போட்டு, "புள்ள படிக்கட்டும்ங்க, இப்ப வேணாம்" என்று அவர் சொல்வதைக் கடைசி வார்த்தை வரை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

எந்தப் புத்தகம் அவளைக் காப்பாற்றியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிட்னி கைடில் இருந்து வந்தது, அது நிச்சயம். நான் தேர்ந்தெடுத்ததை மட்டும் நம்பியிருந்தால் இந்நேரம் அவள் பென்னாகரத்தில் இருந்திருப்பாள்.

இப்போது அவளுக்குக் குழந்தைகள் வார்டில் போஸ்டிங். காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, "பஸ்ஸு போயிரும் புள்ள" என்று மாமியார் கத்தக் கத்த, மகளிடம் வந்து குனிவாள். மகள் இப்போது நடக்கிறாள். அத்தை யூனிபார்மில் வந்தால் தானாகவே சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டுகிறாள். நாத்தனார் உட்பக்கம் இரண்டு விரல் வைத்து, வாசல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரம் அடுப்பில் பால் பொங்கினாலும் எனக்குத் தெரியாது. "இருக்குதுங்க அண்ணி" என்று அவள் சொன்ன பிறகுதான் திரும்புகிறேன்.