ஷோகேஸ் மாமா வீட்டு மெழுகு ஆப்பிள்

என் தாய்மாமாவுக்கு எங்கள் குடும்பத்தில் 'ஷோகேஸ்' என்று பெயர். வேலை அப்படி. ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையில் மாதிரி அறைகளை அலங்கரிப்பவர் அவர். அங்கே கட்டிலும் சோஃபாவும் நிஜம். மேசைமேல் இருக்கும் ஆப்பிள் மெழுகு, டிவி அட்டை, அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் உண்டு. உள்ளே நுழைபவருக்கு, இந்த அறையில் வாழ்ந்தால் சண்டையே வராது என்று தோன்ற வேண்டும். அதில் மாமா கில்லாடி. தோன்ற வைத்துவிட்டுத் தன் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து, காயாத துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மகளுக்குச் சிக்கெடுத்துத் தலைவாரிவிடுவார்.

அத்தை இறந்த பிறகு அவருக்கு இருப்பது அந்த மகள் மட்டும்தான். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு, கடை சாத்தி அப்பா வரும்வரை தனியாக இருப்பாள். இது சரியில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் எல்லோரிடமும் சொல்லி வருத்தப்பட்டோம். வருத்தப்படுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மாடி வீட்டு அம்மா மட்டும் வருத்தப்பட நேரமில்லாமல் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு ஃபோன் செய்துவிட்டார்.

அங்கிருந்து மாமாவுக்கு அழைப்பு வந்தது. "பிள்ளை சாயங்காலம் தனியா இருக்கறதா புகார் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்க்க வர்றோம். பாதுகாப்பு இல்லைன்னா பிள்ளையைக் காப்பகத்துல வைக்க வேண்டியிருக்கும்."

கடைசி வாக்கியத்தில் மாமாவுக்கு உயிரே போய்விட்டது. முதல் வாக்கியத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடு வாக்கியம் ஒன்றுதான் அவருடைய தொழில். எனவே அதைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய் கடைக்கு விடுமுறை. முதலாளியிடம் கெஞ்சி சோஃபா, கம்பளம், சின்னக் கட்டில், அட்டை டிவி, ஒரு கிண்ணம் மெழுகு ஆப்பிள் எல்லாவற்றையும் ஒருநாள் இரவல் வாங்கி வந்தார். என் அம்மா, அதாவது அவருடைய அக்கா, படைத்தளபதி மாதிரி நடுவில் நின்று ஏவினார். பெரியப்பா உலகப்படம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். "படிக்கிற வீடுன்னு தெரியணும்ல?" திரைச்சீலை கொடுத்தது மாடி வீட்டு அம்மா. புகார் அவருடையது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "வெளுத்து வச்சது. கறை படாம பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் இரண்டு பேர் வாழ்ந்ததற்கான அடையாளம் மொத்தமும் குளியலறைக்குள் போனது. பிறகு ஒத்திகை.

"குட்டி, சோஃபாவுல உக்காரக் கூடாது. உறை கசங்கும்."

"கட்டில்ல?"

"அதுலயும்தான்."

"அப்ப நான் எங்கப்பா இருக்கறது?"

"நடுவுல நில்லும்மா. சிரிச்ச மாதிரி நில்லு."

வந்த அதிகாரி குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு நேராகப் போய் சோஃபாவில் உட்கார்ந்தார். உறை கசங்கியது. மாமாவின் முகமும் கசங்கியது. அதிகாரி ஓர் ஆப்பிளை எடுத்துக் குட்டியிடம் நீட்டினார். "சாப்பிடறியா?"

"அது மெழுகு ஆன்ட்டி. கடையில திருப்பிக் குடுக்கணும்."

அம்மாவுக்கு இருமல் வந்தது. பெரியப்பா உலகப்படத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"டிவி பாப்பியா?"

"அது அட்டை."

"சரி, இதுல எது உன்னுது?"

குட்டி குளியலறையை நோக்கி நடந்தாள். "உள்ள வழுக்கும் மேடம்" என்று அம்மா பாய்ந்தார். அதற்குள் கதவு திறந்து, முதலில் துடைப்பம் விழுந்தது. பின்னால் பழைய கட்டில் செங்குத்தாக நின்றது. அதை ஒட்டிச் சுருட்டிய பாய், பள்ளிச் சீருடை, காது போன கரடி பொம்மை, இருமல் மருந்து.

"இது என் கட்டில். பாய் அப்பாவோடது. கட்டில் பக்கத்துலயே கீழ போட்டுப் படுப்பாரு. நான் உருண்டு விழுந்தா அவர் மேலதான் விழுவேன்."

"விழுந்திருக்கியா?"

"தினமும். அவருக்குப் பழகிருச்சு."

அதிகாரி முதன்முறையாக எதையோ எழுதினார். நாங்கள் மூச்சு விட்டோம். அவர் நிமிர்ந்து, "சாயங்காலம் பிள்ளைகூட யார் இருக்கா?" என்றார்.

அவ்வளவு திரைச்சீலை மாற்றினோமே, இந்தக் கேள்வியை ஒருத்தர்கூட ஒருத்தரிடம் கேட்டிருக்கவில்லை.

"நல்ல பூட்டா போட்டிருக்கேன் மேடம்" என்றார் மாமா.

"பிள்ளைக்கு உடம்பு சுட்டா பூட்டு தொட்டுப் பாக்குமா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கை குட்டியின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு அம்மா என்னை முன்னால் தள்ளினார்.

"என் பொண்ணு இருப்பா மேடம். இவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. பள்ளிக்கூடம் முடிச்சதுலேருந்து வீட்ல தண்டமாத்தான் இருக்கா."

இத்தனை நாள் என்னை வசைபாடப் பயன்பட்ட அதே வாக்கியம் இப்போது நற்சான்றிதழ் ஆகிவிட்டது. பெரியப்பாவும் பெருமையாகத் தலையாட்டினார். "சுத்தமா ஒரு வேலையும் இல்ல மேடம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"எனக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் நான் இருக்கேன். கிடைச்சதும் எங்கம்மா இருப்பாங்க. அவங்களும் சாயங்காலம் சும்மாதான் இருக்காங்க."

அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரி இருவர் பெயரையும் எழுதிவிட்டார்.

"பிள்ளை இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும். திரும்ப வருவேன், சொல்லாமத்தான் வருவேன். ஒருநாள் இவ தனியா இருந்தாலும் முடிவு வேற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். மாமா வாசல்வரை போய், கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார்.

மறுநாள் கடை திறப்பதற்குள் சாமான்கள் திரும்பப் போக வேண்டும். அன்று சாயங்காலமே சோஃபாவைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். குட்டி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பவாவது உக்காரலாமாப்பா?"

மாமா உறையைப் பார்த்தார். வெள்ளை உறை. அவள் காலைப் பார்த்தார். தெருப் புழுதி. பிறகு அவளைத் தூக்கி சோஃபாவின் நடுவில் உட்கார வைத்தார்.

கடை வரைக்கும் அவள் மகாராணி மாதிரி போனாள். வண்டிக்காரர் முன்னால் இழுத்தார். மாமா பின்னாலேயே, அவள் உருண்டால் தன்மேல் விழுகிற தூரத்தில் நடந்தார்.