கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

ஊரையே குளிர வைக்கிறவன் என்பதால் கம்பெனியில் அவனுக்குக் ‘கூலிங்’ என்று பட்டப்பெயர். அந்த ஏசி மெக்கானிக்குக்குத்தான் அன்று, ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசாரணை அறையில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ராணுவக் கட்டடம் ஒன்றின் கம்ப்யூட்டர் அறைகளைக் குளிரூட்டும் வேலை அவன் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. உள்ளே போகப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காதவனுக்குத் தன்னிடம் வேறு வேலை இல்லை என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்தும்விடுவார்கள்.

அவன் பயமெல்லாம் ஒரு பழைய கல்லைப் பற்றித்தான். படிக்கிற காலத்தில், ஒரு போராட்டத்தின்போது பஸ் மீது எறிந்த கல். குறி தவறி மரத்தில் பட்டது. ஆனாலும் ஓர் இரவு முழுக்கக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கு விளக்கம் சொல்லக் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பார்த்ததில் அவன் மனைவிக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

விசாரணை அதிகாரியோ அதைச் சட்டையே செய்யவில்லை.

“அதான் ஃபார்ம்ல நீங்களே எழுதியிருக்கீங்களே, விடுங்க. கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?”

“ஒரே தம்பி சார்.”

“அக்கா ஒருத்தங்க இருக்காங்களே?”

அக்கா வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போன அன்றே அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். “எனக்கு ரெண்டு பசங்கதான்” என்றார். அதிலிருந்து யார் கேட்டாலும் வீட்டில் அதே கணக்குத்தான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வாய் பழகிப்போயிருந்தது. பழகின வாய்க்குப் பக்கத்து வீடும் ஒன்றுதான், ராணுவமும் ஒன்றுதான்.

“வீட்ல அவங்களப் பத்திப் பேசறதில்ல சார்...”

“அக்கா வெளிநாட்ல இருக்கறது தப்பில்ல. மறைச்சாதான் தப்பு. நாளைக்குள்ள அவங்க விலாசம், வீட்டுக்காரர் விவரம் எல்லாம் எழுதிக் கொடுங்க. இல்லன்னா ஃபைலை மூடிடுவேன்.”

விலாசத்துக்கு எங்கே போவான்? அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் ஹாலில் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்பதற்குப் பதில் புலி வாயில் தலையை விடலாம். சமையலறைக்குள் நழுவினான்.

“அம்மா, அக்கா எங்க இருக்கா? உனக்கும் தெரிஞ்சிருக்காது. இருந்தாலும் கேக்கறேன். என் வேலையே போயிடும்மா.”

அம்மா ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண் என்று மூச்சு விடாமல் கிசுகிசுத்தாள். அவன் எழுதத் திணறினான்.

“மெதுவா எழுதுடா. ரெண்டு குழந்தைங்க. மூத்தவளுக்கு என் மூக்கு.”

அப்பாவின் வார்த்தையை இத்தனை வருஷம் கட்டிக்காத்த மடையன் அந்த வீட்டில் தான் ஒருவன்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“வீட்டையே ரெண்டாக்கிடுவாரு. மூச்சு விடாதே.”

ஹாலில் டிவி சத்தம் நின்றது. அம்மா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அது பழைய விலாசம்டா,” என்றார் அப்பா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. “போன மாசம்தான் வீடு மாறினா. இங்க வா, சொல்றேன்.”