நூறு கிராம் அன்னாசி

என் மனைவிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான் நான் அடுக்களைக்குள் நுழைந்தேன். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்லிக்கொடுத்த பெண், வாழைப்பழம், பலாச்சக்கை, இளநீர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, "அன்னாசி குடுங்க அங்கிள். தோல் சீவி நூறு கிராம். அதுக்கு மேல வேண்டாம். ரத்தத்துல பொட்டாசியம் ஏறிச்சுன்னா நெஞ்சுக்கு ஆகாது" என்றாள்.

என் மனைவிக்கு அன்னாசிப் பச்சடி என்றால் உயிர். கட்டிலில் கிடந்தபடியே பக்குவம் சொன்னாள். "ஒரு டம்ளர் பழத்த எடுத்து வேக வையுங்கோ. தேங்காயும் தயிரும் பேருக்குப் போதும்."

"ஒரு டம்ளர்னா எத்தன கிராம்ட்டீ?"

"ஆருக்குத் தெரியும்? நான் என்னைக்குத் தராசுல தூக்கிப் பாத்தேன்?"

வீட்டில் தராசு கிடையாது. டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு வடசேரி சந்தைக்குப் போனேன். பழக்காரம்மா தோல் சீவி, துண்டு போட்டு, நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தாள். அங்கேயே டம்ளரில் கொட்டினேன். முக்கால் டம்ளர் நின்றது. அந்த மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதே துண்டுகளைப் பச்சடிக்காகப் பொடியாக அரிந்து மறுபடி டம்ளரில் போட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. எங்கேயோ சிந்திவிட்டேன் என்று குனிந்து தரையில் தேடினேன்.

"என்னத்தத் தேடுகியோ?"

"பழம் கொறையுது."

அவள் சிரித்துவிட்டாள். "பொடிசா அரிஞ்சா இடுக்கெல்லாம் அடஞ்சு தாழ்ந்து போகும்லா. எடை அதேதான்." நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அரைத்தபோது இன்னும் தாழ்ந்து சரிபாதிக்கு வந்தது. துண்டுக்கு ஒன்று, பொடிக்கு ஒன்று, அரைத்ததற்கு ஒன்று என்று டம்ளரில் மூன்று கோடுகள் ஆயின. ஆப்பிளும் நூறு கிராம் கொடுக்கலாம் என்றிருந்தாள் பத்தியம் சொன்ன பெண்; அது கனமில்லாத பழம். அதற்கு டம்ளர் ஏறக்குறைய நிறைய வேண்டியிருந்தது. கோட்டைத் தாண்டாமல் இருந்தால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்றே நம்பினேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது.

"பழம் கூடுதலா குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார். அளந்துதான் குடுக்கேன்."

"உங்க மேல தப்பில்ல. உடம்பு கேக்க மாட்டேங்குது."

பிறகு அவளுடைய இருதயம் தளர்ந்தது. டயாலிசிஸில் உட்கார்த்தினாலே ரத்த அழுத்தம் விழுந்தது. ஒருநாள் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "இனி அவங்க ஆசப்பட்டதக் குடுங்க. அளவெல்லாம் பாக்க வேண்டாம்."

அதற்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து அவள் கட்டிலுக்குப் போனேன்.

என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். மாம்பழம் என்றாள். நல்ல செங்கவருக்கை ரகமாகப் பார்த்து வாங்கி, தோல் சீவி, தட்டு நிறைய வைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டு, மெல்லாமல் வைத்திருந்தாள். பிறகு என் கையிலேயே துப்பினாள்.

"இனிப்பே தெரியல்ல. இரும்ப நக்குனது மாதி இருக்கு. நீங்க தின்னுங்கோ."

"எனக்கு வேண்டாம்."

"நான் பாக்கேன். தின்னுங்கோ."

தின்றேன். நல்ல பழம்தான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிக்கா?"

"ம்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.