ஹம்சவேணி போட்ட கணக்கு

ஜவுளிக்கடையில் பில் போடும் ஹம்சவேணி கணக்கில் தப்பு விட்டு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதைத் தப்பு என்று எடுத்துச் சொன்ன மடையனும் நான்தான்.

பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். கணவர் போனபின் அங்கே அவரும் மகன் உமேஷும்தான். இருவரும் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வது சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அது ஒரு துணை.

தொண்ணூற்றெட்டில் உமேஷுக்கு எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. ஒன்று, நாகமலை பக்கம் பஸ் ஏறினால் வந்துவிடும் காமராஜர் பல்கலைக்கழகம். இன்னொன்று கோயம்புத்தூர். பையனுக்கு மனசெல்லாம் கோயம்புத்தூரில். அம்மாவைத் தனியே விட்டுப் போகிறேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. "எங்க செலவு கம்மியோ அங்க படிக்கிறேம்மா" என்று முடிவைக் கணக்கின் தலையில் கட்டிவிட்டான்.

ஹம்சவேணி இரண்டு பிராஸ்பெக்டஸையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மகனிடம் தமிழில் படித்துக் காட்டினார். பீஸ் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுவிடுவதால் மெஸ் பில் கொஞ்சம்தான். மதுரை என்றால் பஸ், டீ, வீட்டு அரிசி, பருப்பு, கேஸ், வாடகை. கூட்டிப் பார்த்தால் கோயம்புத்தூர்தான் மலிவு.

"ஏந்தாயி, அவன் இல்லாட்டி மட்டும் வாடகை குடுக்காம இருப்பியா? கேஸையும் வாடகையையும் அவன் தலையில ஏத்தியிருக்கியே" என்றேன்.

"நான் சரியாத்தாண்ணே போட்டிருக்கேன்" என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். சொந்தப் பாஷையில் மகனிடம் பொய் சொல்ல வரவில்லை, அதற்குத்தான் நானும் தமிழும் தேவைப்பட்டிருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. உமேஷ் மறுபேச்சுப் பேசாமல் பெட்டி கட்டினான்.

அதோடு சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு உமேஷிடமிருந்து போன் வரும். வாரமெல்லாம் சேர்த்துவைத்த சௌராஷ்டிரத்தை அவர் ஒரே மூச்சில் கொட்டித் தீர்ப்பார். பிறகு ரிசீவரை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டு, "வாரேண்ணே" என்று கிளம்பிவிடுவார்.

படிப்பு முடிந்து உமேஷுக்குப் பெங்களூரில் வேலை, பிறகு கல்யாணம். வாரம் வந்த போன் மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. இரண்டாயிரத்து ஆறில் முழங்கால் தேய்ந்து ஹம்சவேணி கடைக்குப் போவதும் நின்றது. பேச ஆளில்லாமல் தவித்துப்போனார். "நானும் அங்கயே வந்துரவான்னு அவன்கிட்ட கேட்டுட்டேண்ணே" என்று வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. அன்று அவர் அதிகம் பேசவில்லை. கேட்டுக் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

"பெரிய வீடா பாக்கணுமாம். அட்வான்ஸ், வாடகை, டாக்டர் செலவு அம்புட்டும் சொன்னான். நான் இங்கயே இருந்தாத்தான் செலவு கம்மியாம். நீங்க ஒரு தடவை கூட்டிப் பாருங்கண்ணே."

இரண்டு தடவை கூட்டினேன். எங்காவது ஒரு தப்பு இருந்துவிடாதா என்று தேடினேன். பாவிப்பயல், பைசா பிசகாமல் போட்டிருந்தான்.