ஒற்றை டயர் நன்றி

டர்போக்காரர் கை வைத்த கார் மலையேறினால், மூச்சு வாங்குவது காருக்கு இல்லை, மலைக்குத்தான். ஊரே இப்படிச் சொல்கிறது. சரி, ஊரே இல்லை. எங்கள் தெருவில் நாலு பேர். அந்த நாலு பேரிலும் மூவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் இனி வருவதில் கலப்படம் குறைவு.

டர்போக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பின்பக்கம் இரண்டு கார் நிற்கிற பட்டறை அவருடையது. முன்னறையில் இருக்கும் தையல் கடை அவர் மனைவியுடையது. வாசல் இருவருக்கும் ஒன்றுதான். அதனால் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் கிரீஸ் வாசனையோடு திரும்புவதும், காரை விட வந்தவர்கள் முழங்கையில் நூல் ஒட்டிக்கொண்டு போவதும் அங்கே சகஜம்.

காரின் புகை வீணாக வெளியே போகாமல், போகிற போக்கில் ஒரு குட்டி விசிறியைச் சுழற்றிவிட்டுப் போகும். அந்த விசிறி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். அதுதான் டர்போ. போகிறவனையும் கூப்பிட்டு ஒரு வேலை வாங்குவது என்று தையல்காரி அதற்கு விளக்கம் சொல்லுவாள். காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, நெருப்புப் பொறி எந்த நொடியில் என்று காரின் கம்ப்யூட்டரில் புதுக் கணக்கு எழுதுவது அவர் தொழில். எழுதியதும் ஓட்டிப் பார்ப்பார். அவர் கண் சாலையில், காது எஞ்சினில். மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோல் எண்களை வாசித்துக்கொண்டே வருவது மனைவியின் வேலை. பதினைந்து வருடமாக இப்படித்தான். அவள் இல்லாமல் அவர் ஒரு காரையும் சோதித்ததில்லை.

அந்தத் தம்பதிக்கு ஒரே மகள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் பிறந்தபோது, தாயா பிள்ளையா என்று கேட்கிற நிலைமை. இரண்டும்தான் என்று சொல்லி, இரண்டையும் கையில் கொடுத்தவர் டாக்டரம்மா. அன்றிலிருந்து டர்போக்காரருக்கு ஒரே குறை: பதிலுக்கு என்ன செய்வது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் கார். டாக்டரம்மாவோ நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்.

போன வருடம் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. மலைமேல் இருக்கும் ஊரில் வாரம் ஒரு நாள் கர்ப்பிணிகளைப் பார்க்கும் சிறு மருத்துவமனை நடத்துவதற்காக டாக்டரம்மா ஒரு பழைய சொகுசுக் காரை வாங்கினார். டர்போ உள்ளது, நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது, உள்ளே உட்கார்ந்தால் சோபா. ஒரே குறை, லாரியை முந்த மிதித்தால் டர்போ சோம்பல் முறித்து எழுந்துவர இரண்டு நொடி ஆகும். டர்போக்காரர் பத்து நாள் அதோடு குடித்தனம் நடத்தினார். உச்ச வேகத்தைத் தொடவே இல்லை. மிதித்ததும் இழுக்கிற மாதிரி நடு வேகத்தை மட்டும் செதுக்கினார். கொடுப்பதற்கு முன்பு ஒரு டயரின் பக்கவாட்டில் வெட்டு இருப்பதைப் பார்த்தவர், அதே கம்பெனி, அதே அளவு, இருப்பதிலேயே உயர்ந்த டயர் ஒன்றை வாங்கிச் சொல்லாமல் மாட்டிவிட்டார். மனசு நிறைந்துபோயிற்று.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மலையில முந்தப் போனப்ப திடீர்னு இழுவை நின்னுபோச்சு. எதிர்ல லாரி. நீங்க சங்கடப்படாதீங்க, அடுத்த வாரத்துலேர்ந்து நான் பஸ்லயே போயிக்கிறேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பஸ் என்றால் மேலே காத்திருக்கும் கர்ப்பிணிகளுக்கு இரண்டு மணி நேரத் தாமதம். இரண்டு மணி நேரம் என்றால் என்ன என்று அந்த வீட்டில் இருவருக்கும் தெரியும். அடுத்த மலை நாளான வியாழக்கிழமை வரை அவகாசம் கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

பட்டறைப் பக்கத்துச் சாலையில் கார் சமர்த்துப் பிள்ளை. மலையில் அரை மணி நேரம் ஏறிய பிறகுதான் முரண்டு. தான் எழுதிய கணக்கில்தான் பிழை என்று நினைத்து டர்போ திணிக்கும் காற்றைக் குறைத்தார், முரண்டு போகவில்லை. கணக்கு முழுவதையும் அழித்துவிட்டுக் கம்பெனிக் கணக்கையே திரும்ப ஏற்றினார். அப்போதும் அதே இடத்தில் அதே முரண்டு. குற்றம் நம்முடையது இல்லை என்று வேறு யாராக இருந்தாலும் கையைத் தட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், காற்றுக் குழாயை மாற்றினார், சென்சாரை மாற்றினார். புதன்கிழமை காலையில் மாற்றுவதற்கு எஞ்சினில் ஒன்றும் மிச்சமில்லை.

தையல்காரி முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தாள். திரையின் அடியில் நாலு சக்கரத்தின் வேகமும் நாலு கட்டத்தில் ஓடும். அதில் ஒன்று மட்டும் எப்போதும் ஒரு துளி பின்தங்கியே வருகிறது என்று. மேலே இருப்பதைப் படி என்று சொல்லிவிட்டார் அவர். எஞ்சின்காரர்களுக்குக் கண் எப்போதும் பானெட்டுக்குள்ளேதான்.

புதன்கிழமை மதியம் அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு பின்பக்கம் வந்தாள்.

"என்னங்க, காரைத் தூக்குங்க. அளவெடுக்கணும்."

"கோட்டா தைக்கப் போற?"

"தூக்குங்கன்னா."

ஜாக்கி போட்டுத் தூக்கினார். ஒன்றரை மீட்டர் நாடா டயரைச் சுற்றி எட்டவில்லை. எட்டிய இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு கிழித்து, அங்கிருந்து மீதியை அளந்தாள். நாலு சக்கரத்தையும் அளந்து எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். மூன்று டயரும் ஒரே அளவு. நாலாவது மட்டும் இரண்டு விரற்கடை கூடுதல். அவர் ஆசை ஆசையாய் மாட்டிய புது டயர்.

"ஒரு கால் மட்டும் நீளமா தைச்சா நாள் பூரா நடக்க முடியுமா? கொஞ்ச தூரம் போகலாம்."

அவர் குனிந்து நாலு டயரையும் தடவிப் பார்த்தார். தேய்ந்த மூன்றுக்கு நடுவே தேயாத ஒன்று. பெரிய சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். மற்ற மூன்றும் வழுக்குகின்றன என்று கார் நினைத்துக்கொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பங்கு பிரிக்கும் நடு கிளட்சை விடாமல் இறுக்கும். அரை மணி நேர ஏற்றத்தில் கிளட்ச் கொதிக்கும். அதைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் எஞ்சினின் கழுத்தை நெரிக்கும். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற காராக இருந்தால் இவ்வளவு ரகளை பண்ணியிருக்காது. இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? நூறு பேருக்கு எச்சரிக்கை சொன்னவர். நன்றி கண்ணை மறைத்துவிட்டது.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னார். நான் கொடுத்த பரிசுதான் உங்களை லாரிக்கு முன்னால் நிறுத்தியது என்றார். டாக்டரம்மா அடக்க முடியாமல் சிரித்தார்.

"ஒத்தைக் காலுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தா நொண்டாம என்ன செய்யும்? மிச்ச மூணையும் நான் வாங்கிக்கிறேன். பதினோரு வருஷமா இதையா மனசுல சுமந்துட்டு இருக்கீங்க? அன்னைக்கு உங்க வீட்டுக்காரம்மாதான் கஷ்டப்பட்டாங்க. நன்றிய அவங்களுக்குச் சொல்லுங்க."

டர்போக்காரர் மனைவிக்குப் புது அளவு நாடா ஒன்று வாங்கிக் கொடுத்து, பழையதைப் பட்டறைச் சுவரில் ஸ்பேனர்களுக்கு நடுவே, தாமே ஆணி அடித்து மாட்டினார். இன்றும் அங்கேதான் தொங்குகிறது, சாக்பீஸ் தூளோடு.

வியாழக்கிழமை காலையில் நாலும் புதுசு, டர்போக்காரர் எழுதிய கணக்கும் திரும்ப உள்ளே. டாக்டரம்மா ஓட்டினார், தையல்காரி பக்கத்தில் எண் வாசித்தாள், டர்போக்காரர் பின் இருக்கையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் தாண்டியது. முன்னால் லாரி. டாக்டரம்மா மிதித்தார், கார் அதை ஓரமாக விட்டுவிட்டு ஏறிக்கொண்டே போனது. நாலு கட்டத்திலும் ஒரே எண். அடிவாரத்தில் கிளம்பிய கார் மருத்துவமனை வாசலில்தான் நின்றது, நடுவில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

இதை எழுதி முடித்துத் தையல் கடையில் படித்துக் காட்டினேன். அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நின்னுச்சு பெரியம்மா. லாரிய முந்துனதும் இவருதான் ஓரமா நிறுத்தச் சொன்னாரு. கண்ணுல தூசின்னு இறங்கித் துடைச்சுக்கிட்டாரு. கண்ணாடியெல்லாம் ஏத்தித்தான் இருந்துச்சு."